லீவர் இல்லாத பெட்டி: எதை வாங்குவது?

அக்கா மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கிறான். சென்ற மாதம் ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு மூன்று படங்களை அனுப்பி, "மாமா, இதில் எதை வாங்கட்டும்?" என்று ஒற்றை வரி எழுதியிருந்தான். மூன்றும் சண்டை கேம்களுக்கான முழு பட்டன் கண்ட்ரோலர்கள். வீரனை நகர்த்தும் லீவரே கிடையாது. தட்டையான பெட்டி, அதன்மேல் வட்ட வட்டமாகப் பட்டன்கள். ஒன்றின் விலை 300 டாலர். இன்னொன்று அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மூன்றாவது யாரோ வீட்டில் செய்தது. மூலையில் ஒரு திருகாணி துருத்திக்கொண்டிருந்தது.

"எதில் செருகப் போகிறாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. தூங்கிவிட்டான் போலிருக்கிறது. இந்த விஷயத்தில் முதல் கேள்வியே அதுதான். நிறம், ஸ்விட்ச், கம்பெனிப் பெயர் எல்லாம் பிறகு.

அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். லீவர்லெஸ் என்ற சொல்லையே இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்காகச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் பார்லர் இருந்தது. ஊரெல்லாம் 'முஸ்தபா' என்று அழைத்த காப்காம் கேம் அங்கே ஒரு பெட்டியில் ஓடும். பக்கத்துப் பெட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர். லீவரின் உருண்டைத் தலை எத்தனையோ கைகள் பட்டு வழவழத்திருக்கும், தண்டு தளர்ந்து ஆடும். வலப்பக்கம் தள்ளினால் வீரன் சில சமயம் குதிப்பான். காசு போட்டவன் லீவரைத் திட்டுவான், கடைக்காரர் காசு போட்டவனைத் திட்டுவார். சண்டை கேம் என்றால் இடக்கையில் லீவர், வலக்கையில் பட்டன் என்று எங்கள் தலைமுறைக்குப் பதிந்தது அப்படித்தான்.

லீவரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் நான்கு ஸ்விட்சுகள்தான். தண்டு சாய்ந்து அவற்றில் ஒன்றையோ, மூலையில் இரண்டையோ அழுத்துகிறது. அப்படியானால் தண்டு எதற்கு, விரலே நேராக அழுத்தட்டுமே என்பதுதான் முழு பட்டன் பெட்டியின் யோசனை. ஹிட் பாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2010களின் தொடக்கத்தில் இதைப் பரவலாக்கியது. அதனால் இன்றும் பலர் எந்தக் கம்பெனியின் பெட்டியையும் 'ஹிட் பாக்ஸ்' என்றே அழைக்கிறார்கள். இடக்கையின் மோதிரவிரலுக்கு இடப்பக்கம், நடுவிரலுக்குக் கீழ், ஆள்காட்டி விரலுக்கு வலப்பக்கம். மேல் திசை, அதாவது குதிப்பதற்கான பட்டன், கீழே தனியாக, சற்றுப் பெரிதாக, கட்டைவிரலுக்காக இருக்கும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தீப்பந்து வீசும் ஹடோகெனை எடுத்துக்கொள்வோம். லீவரில் கீழிருந்து மூலை வழியாக வலப்பக்கம் கால்வட்டம் சுழற்றி, பஞ்ச் அழுத்த வேண்டும். பட்டனில் வட்டமே கிடையாது. கீழ் பட்டனை அழுத்திப் பிடிக்கிறீர்கள். அதை விடாமலே வலப்பக்கத்தையும் அழுத்துகிறீர்கள். இரண்டும் சேர்ந்த அந்த நொடிதான் மூலை. பிறகு கீழ் பட்டனை மட்டும் விட்டுவிட்டு, உடனே பஞ்ச். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தவறுவார்கள். வலப்பக்கத்தை அழுத்துவதற்கு முன்பே கீழை விட்டுவிடுவார்கள். மூலை பதிவாகாது, வீரன் நின்ற இடத்தில் நின்று காற்றைக் குத்துவான். முதல் பத்து நாள் நானும் காற்றைத்தான் குத்திக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் விரல்களுக்கு ஏதோ புரிந்துவிட்டது. தட்டச்சுப் பள்ளியில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' அடித்துப் பழகியவர்களுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரியும். தலைக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியச் சில நாள் பிடிக்கும்.

இதில் லாபம் எங்கே? நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் என்பது 17 மில்லி விநாடிக்கும் குறைவு. லீவரின் தண்டு இடமிருந்து வலம் போக நடுவைக் கடந்தாக வேண்டும். விரலுக்கு அந்தப் பயணம் கிடையாது. இதைவிடப் பெரிய லாபம் ஒன்றுண்டு: நினைத்த திசைதான் வரும். கையை அவசரமாகச் சுழற்றும்போது தெரியாமல் மேல் மூலை பட்டுக் குதித்துவிடும் தொல்லை அடியோடு போய்விடுகிறது. குதிக்க வேண்டுமென்றால் கட்டைவிரல் மனமறிந்து அழுத்த வேண்டும்.

நஷ்டமும் உண்டு. லீவரை முழுவட்டம் சுற்றித் தாக்கும் ஸாங்கீஃப் போன்ற பாத்திரங்களை விளையாடும்போது லீவரை ஒரு சுற்றுச் சுற்றும் இன்பம் பட்டனில் கிடைக்காது. முடியாது என்பதில்லை, நான்கு திசைகளையும் வரிசையாகத் தட்டினால் வந்துவிடும். ஆனால் அது மாவாட்டுவதற்கும் பொத்தான் தைப்பதற்கும் உள்ள வேறுபாடு. முதல் ஆட்டக்காரராக இடப்பக்கம் நின்றால், பின்னால் பிடித்துத் தடுக்கும் வேலை முழுவதும் மோதிரவிரலின் தலையில் விழுகிறது. விரல்களிலேயே சோம்பேறி அதுதான். முதல் வாரம் வலிக்கும். இரண்டாவது வாரமும் வலித்தால் பெட்டியின் உயரமோ உங்கள் மணிக்கட்டு மடங்கும் விதமோ சரியில்லை என்று பொருள்.

"பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் இதற்கு மாறிவிட்டார்களாமே, மாமா?" என்று கேட்டான். பலர் மாறியது உண்மைதான். 2004ஆம் ஆண்டு ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் சுன்லீ என்ற பாத்திரத்தின் சூப்பர் தாக்குதலை அடி அடியாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்த டைகோ உமேஹாராவே இன்று பட்டன் பெட்டியில்தான் விளையாடுகிறார். அந்த 2004 ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது லீவர். ஆனால் 2014 ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் பட்டத்தை வென்ற பிரான்ஸ் நாட்டு லஃபி, முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேடை, அதாவது இரண்டு கையாலும் பிடிக்கும் சாதாரணக் கண்ட்ரோலரை வைத்துத்தான் வென்றார். ஆகவே, தோற்பதற்குக் காரணம் கையில் இருக்கும் பேட்தான் என்று நினைத்து இதை வாங்கினால், பணம் போன பிறகும் தோல்வி அப்படியே இருக்கும். பேடில் விளையாடி இடது கட்டைவிரல் காய்த்துப்போனவர்கள், திசை தவறிப்போவதால் எரிச்சல் அடைகிறவர்கள், கணினி கீபோர்டில் ஏற்கெனவே பழகியவர்கள் ஆகிய மூன்று வகையினருக்குத்தான் இதை நான் தயங்காமல் சொல்வேன். லீவரில் பத்து ஆண்டு கை பழகியவருக்குச் சொல்ல மாட்டேன். அவர் ஓர் ஆண்டாவது பின்னுக்குப் போய்த்தான் முன்னே வர வேண்டியிருக்கும்.

கீபோர்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு பைசா செலவில்லாமல் இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கேமின் அமைப்புக்குள் போய் ஏ என்ற விசையை இடப்பக்கமாகவும், எஸ்ஸைக் கீழாகவும், டியை வலப்பக்கமாகவும், ஸ்பேஸ் பாரை மேலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஹிட் பாக்ஸின் இடக்கை அமைப்பு அச்சு அசலாக அதுவேதான். வலக்கைக்கு யு ஐ ஓ மூன்றும் பஞ்ச், ஜே கே எல் மூன்றும் கிக். ஒரு வாரம் பயிற்சி அறையில் ஹடோகெனும், எகிறிக் குத்தும் ஷோர்யுகெனும் போட்டுப் பாருங்கள். கை ஒத்துழைக்கவே இல்லையென்றால் 300 டாலர் மிச்சம். ஒத்துழைத்தால், கீபோர்டே போதுமே என்று ஒரு கேள்வி வரும். சிலருக்கு உண்மையாகவே போதும். மலிவான கீபோர்டுகளில் மூன்று, நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும் குறை உண்டு. விசைகள் சின்னவை, வரிசைகள் சாய்ந்தவை, கட்டைவிரல் ஸ்பேஸ் பாருக்காக உள்ளங்கைக்கு அடியில் மடங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடுகிறவர்களுக்குத்தான் தனிப்பெட்டியின் அருமை தெரியும்.

இனி செருகும் இடத்துக்கு வருவோம். கணினி என்றால் கவலையே இல்லை, எந்தப் பெட்டியும் ஓடும். நின்டெண்டோ ஸ்விட்சிலும் பெரும்பாலும் அப்படித்தான். எக்ஸ்பாக்ஸும் பிளேஸ்டேஷனும் வேறு ஜாதி. செருகியதும், "நீ யார், உன்னிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறதா?" என்று அந்தக் கன்சோல்கள் கேட்கும். உரிமம் பெற்ற கண்ட்ரோலருக்குள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வசதி இருக்கும். மலிவுப் பெட்டியில் இருக்காது.

அதை நான் ஒரு நண்பர் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். என் கணினியில் மாதக்கணக்காக ஒழுங்காக ஓடிய பெட்டியைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய பிளேஸ்டேஷன் 5இல் செருகினேன். அதை பிளேஸ்டேஷன் 4 முறைக்கு மாற்றி வைத்திருந்தேன். ஓடியது. இரண்டு ஆட்டம் வென்றேன். மூன்றாவதில் அவருக்கு ஒரே ஒரு அடி மிச்சம் இருந்த நேரத்தில் என் வீரன் சிலையாக நின்றுவிட்டான். கம்பியைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். அனுமதிச் சீட்டு இல்லாத கண்ட்ரோலரை அந்த முறையில் எட்டு நிமிடம்தான் பொறுத்துக்கொள்வார்கள் என்பது அன்றிரவு தேடிப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தவறு பெட்டியின் மீதில்லை, படிக்காமல் போன என் மீதுதான். நண்பர் இன்றும் என்னை 'எட்டு நிமிடம்' என்றுதான் அழைக்கிறார்.

இதற்குச் சுற்றுவழிகள் இருக்கின்றன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 போன்ற கேம்கள் பிளேஸ்டேஷன் 5இலும் பழைய பிளேஸ்டேஷன் 4 ஸ்டிக்குகளை ஏற்றுக்கொள்கின்றன. உரிமம் பெற்ற வேறொரு கருவியை இடையில் செருகி அதன் சீட்டைக் கடன் வாங்கும் வசதி சில மலிவுப் பெட்டிகளில் உண்டு. நடுவில் மாட்டும் சின்ன அடாப்டர்களும் விற்கின்றன. ஆனால் கன்சோலின் புதிய அப்டேட் ஒன்று வந்து அந்த வழியை அடைத்துவிட்டால், அடாப்டர் செய்தவர் பதில் அப்டேட் தரும்வரை காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளையாட உட்காருகிறவனுக்கு இந்தப் பொறுமை இருக்குமா?

ஆகவே பிளேஸ்டேஷன் 5 மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் உரிமம் பெற்றதையே வாங்குங்கள். 2023இல் வந்த ரேசர் கிட்சுனே அந்த வகை, 300 டாலர் என்ற அந்த விலை அதனுடையதுதான். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமன், ஒளியால் இயங்கும் ஸ்விட்சுகள், அழகான வேலைப்பாடு. ஜப்பானின் ஹோரி நிறுவனம் நோல்வா என்ற பெயரில் மெக்கானிகல் ஸ்விட்சுகளுடன் ஒன்று விற்கிறது. விக்ட்ரிக்ஸின் புரோ கேஓ பிளேஸ்டேஷனுக்கு ஒன்று, எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது. வாங்கும்போது எது என்று இரண்டு முறை பாருங்கள். இந்த மூன்றில் எதை வாங்கினாலும் நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு அந்த அனுமதிச் சீட்டுக்குத்தான் போகிறது என்பது என் கணிப்பு. பட்டனைப் பட்டனோடு வைத்துப் பார்த்தால் மலிவுப் பெட்டி அவ்வளவு தாழ்ந்ததில்லை.

மலிவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சீனாவின் ஹாட்42 வரிசை. மெல்லிய பெட்டி, உயரம் குறைந்த மெக்கானிகல் ஸ்விட்சுகள், உள்ளே ராஸ்பெரி பை நிறுவனத்தின் ஆர்பி2040 சிப். அந்தச் சிப்பில் ஓடுவது ஜிபி2040-சிஇ என்ற திறந்த மூல ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். விலை உயர்ந்த பெட்டியில் கம்பெனி செய்து தரும் மென்பொருள் வேலையை இங்கே உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து இலவசமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பட்டன் எந்தத் திசை, எதிர்த் திசைகள் மோதினால் என்ன ஆக வேண்டும் என்பதையெல்லாம் உலாவியிலேயே மாற்றிக்கொள்ளலாம். நொடிக்கு ஆயிரம் முறை கணினியிடம் தன் நிலையைச் சொல்கிறது. வேகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தகைய பெட்டிகள் பரவலாக விற்கும் அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரில் இங்கே தடை செய்யப்பட்டது. வேறு தளங்கள் வழியாகத் தருவித்தால் சுங்கம், ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் எல்லாம் சேர்ந்து 'மலிவு' என்ற சொல்லின் முகத்தை மாற்றிவிடும். பில் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாசலில் கொடுக்கப்போகும் தொகையைக் கணக்கிட்டுப் பாருங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ சித்தப்பா ஒருவர் இருந்தால் அவரிடம் அன்பாகப் பேசத் தொடங்க இது நல்ல சமயம்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடுவது: இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒரே சமயத்தில் அழுத்தினால் என்ன ஆகும்? லீவரில் இந்தக் கேள்வியே எழாது, ஒரு தண்டு இரண்டு பக்கமும் சாயாது. பட்டனில் தாராளமாக அழுத்தலாம். இந்த மோதலைத் தீர்க்கும் விதிக்கு எஸ்ஓசிடி என்று பெயர். இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்வது ஒரு வழி. கடைசியாக அழுத்தியது வெல்வது இன்னொரு வழி. மேலும் கீழும் மோதினால் மேல் வெல்வது பழைய பெட்டிகளின் வழக்கம்.

கேட்பதற்கு அற்பமாக இருக்கும், ஆனால் ஆட்டத்தையே மாற்றக்கூடியது இது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் வரும் கைல் என்ற வீரரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சற்று நேரம் பிடித்து வைத்திருந்து, மேலையும் கிக்கையும் சேர்த்து அழுத்தினால்தான் அவருடைய ஃப்ளாஷ் கிக் வரும். மேல் வெல்லும் விதி இருந்தால் கீழ் பட்டனை விடவே தேவையில்லை. பிடித்தபடியே கட்டைவிரலையும் கிக் பட்டனையும் தட்டினால் கிக் பறக்கும், அடுத்த நொடியே அடுத்த கிக்குக்கான சேமிப்பும் தொடங்கிவிடும். லீவர்காரருக்கு இது கனவிலும் கிடைக்காது. 2019இல் உமேஹாரா, திசைப் பட்டன்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்த காஃப்ரோ பாக்ஸ் என்ற பெட்டியைக் கொண்டுவந்தபோது, ஸ்ட்ரீட் ஃபைட்டரைச் செய்யும் காப்காம் நிறுவனம் தன் போட்டித் தொடரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2023இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்த ஆண்டின் தொடருக்கு விதி இன்னும் தெளிவானது: எதிரெதிர்த் திசைகள் மோதினால் இரண்டும் ரத்தாக வேண்டும், அல்லது இரண்டையும் அப்படியே கேமிடம் கொடுத்துவிட வேண்டும். பெட்டி நாட்டாமை செய்து ஒன்றை ஜெயிக்க வைக்கக் கூடாது. சண்டை கேமுக்கு வெளியிலும் இதே வழக்கு நடந்தது. கீபோர்டுகளில் வந்த 'கடைசி விசை வெல்லும்' வசதியை 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் தன் கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் தடுத்தது.

அதனால் வாங்கும் பெட்டியில் எஸ்ஓசிடியை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். போட்டிக்குப் போகும் எண்ணமே இல்லையென்றாலும் முதல் நாளிலிருந்தே 'இரண்டும் ரத்து' என்று வைத்துப் பழகுவது நல்லது. அதிலும் சூட்சுமங்கள் உண்டு. ஷோர்யுகெனுக்கு முன், கீழ், முன்மூலை என்ற வரிசை வேண்டும். வலப்பக்கம் பார்த்து நிற்கும்போது வலப் பட்டனைப் பிடித்துக்கொண்டு, கீழையும் இடதையும் சேர்த்துத் தட்டுங்கள். இடமும் வலமும் ரத்தாகிக் கீழ் மட்டும் எஞ்சும். இடதை விட்டதும் மூலை தானாக வந்துவிடும். முதல் முறை இதைச் செய்து பார்த்தபோது பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டியிருப்பேன், யாரும் இல்லை.

பட்டன்களின் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிப்படைப் பெட்டியில் நான்கு திசை, எட்டுச் செயல் பட்டன்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6க்கு ஆறு போதும். மீதி இரண்டை டிரைவ் இம்பாக்ட், டிரைவ் பாரி என்று இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டிய அசைவுகளுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். பதினாறு பட்டன் பெட்டிகளில் நடுவிரலுக்கு மேலே இன்னொரு மேல் பட்டன், கட்டைவிரலுக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு என்று இருக்கும். கீபோர்டில் டபிள்யூ விசையால் குதித்துப் பழகியவர்களுக்கு அந்த இரண்டாவது மேல் பட்டன் தாய்வீடு. மற்றவர்களுக்கு அலங்காரம். மிக்ஸ்பாக்ஸ் என்ற வகையில் திசைகளுக்குக் கீபோர்டு விசைகளையே வைத்திருப்பார்கள். பல ஆண்டுகள் கணினி கேம் ஆடியவர்களுக்கு அது பிடிக்கலாம். எனக்குப் பிடிபடவில்லை, அதனால் அதை நியாயமாக எடைபோட என்னால் முடியாது.

ஸ்விட்ச் விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு வேதம் வைத்திருக்கிறார்கள். பழைய முறை சான்வாவின் 30 மில்லிமீட்டர், 24 மில்லிமீட்டர் ஆர்கேட் பட்டன்கள். உள்ளே மைக்ரோஸ்விட்ச், மேலே குழிவில்லாத பெரிய தலை. பார்லர் நினைவு அப்படியே கைக்கு வரும். ஆனால் உயரமான பட்டன் என்பதால் பெட்டியும் தடித்துவிடும். கீபோர்டுகளில் வரும் செர்ரி எம்எக்ஸ் வகை நான்கு மில்லிமீட்டர் இறங்கும், இரண்டு மில்லிமீட்டரில் பதிவாகும். கைல் என்ற ஸ்விட்ச் கம்பெனியின் (மேலே சொன்ன வீரர் அல்ல) சாக் வகை மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும், ஒன்றரையில் பதிவாகும். மெல்லிய பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வகைதான். ஸ்விட்சைப் பிடுங்கி மாற்றும் சாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு ஸ்விட்ச் போய்விட்டால் அதை மட்டும் மாற்றிவிடலாம், சால்டரிங் தேவையில்லை. இந்த ஒரு வசதிக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பேன்.

விலைப்பட்டியல் சொல்லாத இரண்டு விஷயங்களும் உண்டு. ஒன்று, வியர்வை. சென்னையில் மே மாதம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால், பளபளக்கும் அக்ரிலிக் மேல்தகட்டில் மணிக்கட்டு ஒட்டிக்கொண்டு வழுக்கும். சொரசொரப்பான உலோகமோ பிளாஸ்டிக்கோ தேவலை. இரண்டு, எங்கே வைத்து விளையாடுவீர்கள் என்பது. மேசை என்றால் எடை குறைந்த பெட்டி நகராமல் இருக்க அடியில் ரப்பர் வேண்டும். பாயில் சம்மணம் போட்டு மடியில் வைப்பவர்களுக்கு மெல்லிய பெட்டி இரண்டு தொடைக்கும் இடையில் அமிழ்ந்துவிடும். அவர்களுக்குக் கொஞ்சம் அகலமும் எடையும் உள்ளதே சுகம். நான் மடிக்காரன்.

கடைசியாக, வீட்டில் செய்வது. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்னச் சர்க்யூட் பலகை 2021 ஜனவரியில் நான்கு டாலருக்கு வந்ததிலிருந்து இது சின்ன வேலையாகிவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் நுழைந்தால் பிக்கோ, வயர், பட்டன் ஸ்விட்ச் எல்லாம் ஒரே தெருவில் முடிந்துவிடும். ஒவ்வொரு பட்டனின் ஒரு காலிலிருந்தும் பிக்கோவின் ஒரு பின்னுக்கு ஒரு வயர். மறு கால்களையெல்லாம் மாலை கோத்ததுபோல் ஒரே வயரில் கோத்துக் கிரவுண்டுக்கு. பிக்கோவில் இருக்கும் சின்னப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கணினியில் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும். ஃபர்ம்வேர் கோப்பை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது.

முடிந்தது என்று சொல்லிவிட்டேன், என் முதல் பெட்டி அப்படி முடியவில்லை. ஆசாரியிடம் நல்ல கனமான பிளைவுட்டைக் கொடுத்து, கதவுப் பூட்டுக்குத் துளை போடும் வட்ட ரம்பத்தால் பன்னிரண்டு துளைகள் போட்டு வாங்கி வந்தேன். வட்டங்கள் அழகாக இருந்தன. பட்டன்கள் நுழைந்தன, ஆனால் நிற்கவில்லை. நான் வாங்கியது அழுத்தினால் கவ்விக்கொள்ளும் வகை. அதன் இரு பக்கமும் உள்ள பிளாஸ்டிக் நாக்குகள் மெல்லிய தகட்டைத்தான் கவ்வும். கனமான பலகையில் அவை மரத்துக்குள்ளேயே நசுங்கிக் கிடந்தன. ஒவ்வொரு குத்துக்கும் பட்டன் மெல்ல மேலே எழும்பி வந்தது. மரத்துக்கு அடியில் மரை போட்டு முறுக்கும் வகைதான் வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது முறை மேல்தகட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்கை லேசரில் வெட்டி வாங்கினேன். இரண்டு முறை செலவு செய்ததைக் கூட்டிப் பார்த்தால் மலிவுப் பெட்டியையே வாங்கியிருக்கலாம். ஆனாலும் அந்தப் பெட்டியில்தான் இன்றும் விளையாடுகிறேன். என் கட்டைவிரல் குட்டை. கடைப் பெட்டி எதிலும் மேல் பட்டன் அது தங்கும் இடத்தில் இருக்கவில்லை. எட்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தி நானே துளை போட்டுக்கொண்டேன். வீட்டில் செய்வதற்கு எனக்குத் தெரிந்த உண்மையான நியாயம் அந்த எட்டு மில்லிமீட்டர்தான், பணம் மிச்சம் என்பதல்ல.

இரண்டு நாள் கழித்து அக்கா மகன் பேசினான். மடிக்கணினியில்தான் விளையாடுகிறான், பிளேஸ்டேஷன் கிடையாது. ஊரில் இருக்கும் நண்பனிடம் பிளேஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் கணினிக்காரரும் கன்சோல்காரரும் ஒருவரோடொருவர் இணையத்தில் மோதிக்கொள்ளலாம் என்பதால் அது பிரச்சினையில்லை. 300 டாலர் பெட்டி அந்த இடத்திலேயே கழன்றுகொண்டது. சால்டரிங் கம்பியை விடுதியில் அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் மூன்றாவது படமும் போயிற்று. பதினாறு பட்டன் மலிவுப் பெட்டியைத் தீபாவளிக்கு வரும் சித்தப்பா கொண்டுவருவதாக ஏற்பாடு. அதுவரை ஏ எஸ் டி ஸ்பேஸ்.

நேற்று இரவு மறுபடி ஒரு வரி வந்தது. "மாமா, ஸ்விட்ச் சிவப்பா, வெள்ளையா?" சிவப்பு சத்தமில்லாமல் இறங்கும். வெள்ளை ஒவ்வொரு அழுத்தலுக்கும் டிக் டிக் என்று பதில் சொல்லும், கைக்கு அதுதான் உற்சாகம். மணியைப் பார்த்தேன். ஒன்றே கால்.

"பக்கத்துக் கட்டிலில் படுப்பவனை எழுப்பிக் கேள்" என்று எழுதினேன்.